வடலூர் தருமச்சாலைச் சாப்பாடும் எங்கள் இரண்டு சங்கங்களும்

போன மாதப் பூசத்தன்று வடலூர் சத்திய தருமச்சாலையில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஹோட்டலுக்குப் போடுவதுபோல இதற்கு நட்சத்திரம் போட மனம் வரவில்லை. ஆனால் கடலூரிலேயே பிறந்து வளர்ந்தும் இன்னும் அங்கே போய்ச் சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும், அப்புறம் எங்கள் ஊரில் இரண்டாகப் பிரிந்து நிற்கும், வள்ளலார் வழி வந்த சன்மார்க்க சங்கத்தார் கண்ணில் இது பட வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

முதலில் போகிற வழி. கடலூர் பேருந்து நிலையத்தில் விருத்தாசலம் போகிற பேருந்தில் ஏறினால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர், 35 கிலோமீட்டர் சொச்சம். கடலூர் துறைமுகம் - விருத்தாசலம் ரயில் பாதையிலும் வடலூருக்கு நிலையம் உண்டு. சபையும் சாலையும் ஒரே பெருவெளியில்தான், பக்கம் பக்கமாக. ஞான சபையைச் ‘சபை’ என்றும் தருமச்சாலையைச் ‘சாலை’ என்றும் சொன்னால் ஊரில் யாரும் வழி காட்டுவார்கள்.

சாப்பாடு மூன்று வேளையும் உண்டு, காசு கிடையாது, டோக்கன் வாங்க அலைய வேண்டியதில்லை, யார் எந்த ஊர் என்ன சாதி என்று ஒருவரும் கேட்பதில்லை. நாங்கள் போனது மதியம். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். சாம்பாரில் பரங்கிக்காய் கிடந்தது, பெரிய அடுப்பில் கொதித்த சாம்பாருக்கே உரிய அந்த லேசான புகைவாசம் வந்தது, வீட்டில் எவ்வளவு முயன்றாலும் அது வராது. சோறு கேட்கக் கேட்கப் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், சட்டையில்லை, தோளில் ஒரு கிழிந்த துண்டு மட்டும், மூன்று முறை சோறு வாங்கினார். மூன்றாம் முறை வாளியோடு வந்த பையன் கேட்காமலே அவர் இலை முன்னால் நின்று குனிந்தான். இதைவிட நல்ல பரிமாறலை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

சாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே 23. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள், அதனால்தான் அணையா அடுப்பு என்று பெயர். 21 அடி நீளம். சமையல் முடிந்தாலும் கட்டையைப் போட்டு நெருப்பைக் காத்து வைக்கிறார்கள். தொடங்கிப் பத்து வருடத்துக்குள் தாது வருஷப் பஞ்சம் வந்து (1876-78) தமிழ்நாடே சுருண்டு கிடந்தது, அப்போதும் இந்த நெருப்பு எரிந்துகொண்டிருந்தது என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த நேரத்தில் இதைக் காப்பாற்றியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பக்கத்துக் கிராமத்து மக்கள், அரிசி கொண்டுவந்தவர்கள், விறகு சுமந்தவர்கள். அவர்களில் யார் எந்தக் கட்சி என்று யாருக்குத் தெரியும்?

வெளியே பெட்டிக்கடைகளில் கரிசாலைப் பொடி விற்கிறார்கள். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் கலந்தது. எங்கள் அப்பா காலையில் டீ குடிக்க மாட்டார், இதைத்தான் கொதிக்க வைத்துக் குடிப்பார். அம்மா இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

சரி, சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

வள்ளலார் 1865-இல் ஒரு சங்கம் தொடங்கினார், 1872-இல் அதற்குச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று பெயர் மாற்றினார். ஒரே சங்கம்தான். இன்றைக்கு ஊருக்கு ஊர் சங்கம், சில ஊரில் தெருவுக்குத் தெரு. பல ஊரில் பல சங்கம் இருப்பது தப்பே இல்லை, இருக்கட்டும். ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போவதுதான் எனக்கு வலிக்கிறது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு என்னதான் சண்டை என்று புரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வள்ளலார் பாடிய அருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் அச்சாகின, ஐந்தாவது 1880-இல், ஆறாவது 1885-இல். முதல் ஐந்தில் முருகனும் சிவனும் நிறைய வருவார்கள், ஆறாவதில் அருட்பெருஞ்ஜோதி. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசும்போது, தமக்கே ஒரு காலத்தில் சைவத்தில் அளவில்லாத பற்று இருந்தது என்றும் அதை விட்டு மேலே வந்ததாகவும் வள்ளலாரே சொன்னார். அதனால் ஆறாம் திருமுறைதான் சன்மார்க்கம், திருநீறு, விக்கிரகம், சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்பது ஒரு பக்கம். ஆறும் ஒரே வாயிலிருந்து வந்தவைதானே, எதைத் தள்ளுவது என்பது மறுபக்கம். ஞான சபையில் லிங்கம் வைத்துச் சிவாச்சாரிய முறையில் பூசை நடந்தது சரியா என்ற வழக்கு இன்னொன்று. வள்ளலார் வகுத்த முறைப்படிதான் வழிபாடு நடக்க வேண்டும் என்று 2006-இல் அறநிலையத் துறை உத்தரவு போட்டது, 2010-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறம் இப்போது சர்வதேச மையம். சுமார் 100 கோடி ரூபாயில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், அந்தக் காலத்தில் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணியில் மிஞ்சியிருக்கும் பெருவெளியில் கட்டலாமா கூடாதா என்று சன்மார்க்கிகளே இரண்டாக நின்றார்கள், அதுவும் நீதிமன்றம் போனது.

இதில் எதுவும் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் இதெல்லாம் உறைக்கும். நான் திருநீறு பூசுகிற பக்கம். அப்பாவும் அப்படித்தான். எதிர்ப்பக்கத்து வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், ராத்திரியில் படுத்து யோசித்தால் சில நாள் அவர்கள் சொல்வதே சரி என்றுகூடத் தோன்றும்.

எங்கள் ஊர்ச் சங்கம் 2013-இல் உடைந்தது. மேலுக்குக் காரணம் திருநீறு. பூசம் அன்று வழிபாடு முடிந்து திருநீறு கொடுக்கலாமா என்று ஆரம்பித்த பேச்சு, கணக்கு நோட்டு, அறைச் சாவி என்று போய், கடைசியில் பாத்திரத்தில் வந்து நின்றது. இரண்டு பெரிய அண்டா, ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பம் அரிசியை அப்படியே கொட்டலாம், சங்கத்தின் பெயரை வெட்டி வைத்திருக்கும். அண்டா எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது, அதனால் எங்களோடு நின்றுவிட்டது. பர்னர் அடுப்பு, வடிதட்டு, சாரணி எல்லாம் அவர்களோடு போய்விட்டன. அதற்கப்புறம் பதினோரு வருடம் நாங்கள் ஒவ்வொரு பூசத்துக்கும் வாடகைப் பாத்திரக் கடையில் வடிதட்டும் அடுப்பும் எடுத்தோம், அவர்கள் அதே கடையில் அண்டா எடுத்தார்கள். அண்டாவைக் கொடுத்துவிடலாம் என்று அம்மா பல தடவை சொன்னார், அப்பா கேட்கவில்லை. அப்பா செய்தது தப்பு. அவர் இருக்கும்போது என்னால் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்பா 2021-இல் போனார். சன்மார்க்க முறைப்படி அடக்கம் செய்தோம். அந்தப் பக்கத்துச் சங்கத்தின் மூத்த ஐயா, அப்பாவோடு இருபது வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று காய் நறுக்கியவர், எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே வந்தால் என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பார். நாங்கள் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் வெள்ளம் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, அதற்கு அடுத்த ராத்திரி சாத்தனூர் அணையில் இருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை இங்கே ஊருக்குள் புகுந்தது. பள்ளிக்கூடத்தில் சனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், குழந்தை குட்டியோடு. வாடகைக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர், பாத்திரம் எடுக்க வழியில்லை. எங்களிடம் அண்டா இருக்கிறது, அடுப்பு இல்லை. அவர்களிடம் அடுப்பு இருக்கிறது, அண்டா இல்லை. யார் யாருக்கு முதலில் போன் செய்தது என்று இன்றைக்கும் இரண்டு மாதிரி சொல்கிறார்கள், எப்படியோ போகட்டும். காலை எட்டு மணிக்கு இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. மூன்று நாள், மூன்று வேளை. திருநீறு பூசியவரும் பூசாதவரும் ஒரே அண்டாவை இரண்டு பக்கம் பிடித்து இறக்கிக் கஞ்சி வடித்தார்கள். அந்த மூன்று நாளில் ஆறாம் திருமுறையா ஐந்தாம் திருமுறையா என்று ஒரு வார்த்தை எழவில்லை, எழ நேரமில்லை.

நான் அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு வடலூர் நடந்து போகிறவர்களுக்காகக் குறிஞ்சிப்பாடி சாலையில் மறுபடியும் இரண்டு பந்தல், நூறு அடி இடைவெளியில். அங்கேயும் சோறு, இங்கேயும் சோறு. நடந்து வந்தவர்கள் முதல் பந்தலிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதில் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்கள், மாலையில் எங்கள் பந்தலில் அரை அண்டா சோறு மிஞ்சியது. சன்மார்க்கத்தில் வந்த யாருக்கும் மிஞ்சிய சோற்றைப் பார்த்தால் நெஞ்சு பதறும். எனக்குப் பதறியது.

இப்போது சாலைக்குத் திரும்புகிறேன். பந்தியில் அம்மாவுக்கு வலப்பக்கம் ஒருவர் வந்து உட்கார்ந்தார், நான் முகம் பார்க்கவில்லை. இலையில் தண்ணீர் தெளிக்கும்போதுதான் அம்மா பார்த்தார். அந்த ஐயா. தெருமுனையில் நின்று திரும்பிப் போனவர். வெள்ளத்தின்போதுகூட அவருக்கு முட்டிவலி, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, ஆகவே பன்னிரண்டு வருடமாக நேருக்கு நேர் பேச்சே இல்லை.

“வந்தனம் அண்ணே” என்றார் அம்மா.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சோறு வந்தது, சாம்பார் வந்தது. “வந்தனம்மா. முட்டி தேவலையா?” என்றார். முட்டிவலி அவருக்கு, கேட்டது அம்மாவை. அம்மாவுக்கும் முட்டிவலி இருந்தது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, 2013-க்கு முன்னால் இருந்தே.

அப்புறம் பேசவில்லை, சாப்பிட்டோம். மோர் குடித்து முடித்து, அம்மா இலையை எடுக்கக் கையூன்றி எழப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். ஐயா எழுந்து, தன் இலையை மடித்து, குனிந்து அம்மாவின் இலையையும் மடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கினார்.

“ஐயோ அண்ணே, எச்சில் இலை, விடுங்க, பையன் எடுப்பான்.”

“சாலையில என்னம்மா எச்சில்” என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும், என்னால் அசைய முடியவில்லை. கை கழுவும் இடத்தில் வைத்து என்னைப் பார்த்து, “தம்பி, அண்டாவுக்கு ஈயம் பூசி வச்சிருக்கியா? பூசலன்னா சாம்பாரு கைச்சிடும்” என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

ராத்திரி சபைக்கு முன்னால் ஜோதி தரிசனத்துக்கு நின்றோம். ஜோதிக்கு முன்னால் தொங்கும் ஏழு திரைகளில் மாதப் பூசத்தில் ஆறு திரை நீக்குவார்கள், ஏழு திரையும் நீக்குவது தைப்பூசத்தில் மட்டும். கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றியும் இருந்தது, வெள்ளை முக்காடு போட்ட தலையும் இருந்தது, எல்லோர் வாயிலும் ஒரே மந்திரம்.

நம் சண்டை புதிது ஒன்றும் இல்லை. 1869-இல் யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலருக்கும் வள்ளலாருக்கும் இடையிலான வழக்கு நடந்தது எங்கள் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில்தான். வள்ளலார் உள்ளே வந்தபோது நாவலரும் எழுந்து நின்றார் என்று சன்மார்க்கிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். அதற்கப்புறமும், வள்ளலார் பாட்டு அருளா மருளா என்கிற அருட்பா - மருட்பாச் சண்டை பல வருடம் ஓடியது. மருட்பா பக்கம் நின்ற கதிரைவேற் பிள்ளையின் மாணவர் திரு.வி.க. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்த்தான் 1904-இல் பள்ளித் தேர்வை எழுத முடியாமல் போனது. அவ்வளவு பிடிப்போடு எதிர்ப்பக்கம் நின்றவர் பின்னாளில் வள்ளலாரைப் பற்றி மனம் உருகிப் புத்தகம் எழுதினார். அருட்பா பக்கம் வாதாடிய மறைமலையடிகளோடு நட்பாகவும் இருந்தார். தேர்வையே இழந்த மனிதரால் முடிந்தது, வாடகை வடிதட்டுக்குக் காசு இழந்த நம்மால் முடியாதா?

இரண்டு சங்கத்திலும் சிலர் சொல்வது, முதலில் கொள்கையைப் பேசி முடிப்போம், அப்புறம் சேரலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொள்கைக் கூட்டம் மூன்று தடவை போட்டோம், மூன்று தடவையும் நாற்காலி விழுந்தது. சங்கத்தை ஒன்றாக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, இரண்டு பெயர்ப் பலகையும் இருக்கட்டும், வழிபாடு தனித்தனியாக நடக்கட்டும், திருநீறு வேண்டியவர் பூசட்டும், வேண்டாதவர் விடட்டும். சமையலை மட்டும் ஒன்றாக வையுங்கள். தைப்பூசத்துக்கு ஒரே பந்தல், ஒரே அண்டா, ஒரே கணக்கு நோட்டு, கணக்கை அந்தப் பக்கத்தவரே எழுதட்டும், எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்க மாட்டோம் என்று நான் பொறுப்பேற்கிறேன்.

சாலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. பூச நாளில் கூட்டம் அதிகம், வயதானவர்களை அழைத்துப் போனால் சாதாரண நாளில் போங்கள். தரையில்தான் உட்கார வேண்டும், முட்டிவலிக்காரர்களோடு துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. கையில் ஒரு கிலோ அரிசியாவது கொண்டுபோய்க் கொடுங்கள், கட்டாயம் இல்லை, ஆனால் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டால் சோறு இன்னும் நன்றாக இறங்குகிறது. நேரம் இருந்தால் கருங்குழியும் மேட்டுக்குப்பமும் பார்த்துவிட்டு வரலாம், 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்ட சித்தி வளாகத்துத் திருஅறை மேட்டுக்குப்பத்தில்தான் இருக்கிறது.

அண்டாவுக்கு ஈயம் பூசக் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை வரும். அடுத்த மாதப் பூசத்துக்கு இரண்டு சங்கத்தாருக்கும் சேர்த்து ஒரே வேன் பேசியிருக்கிறேன், பதினெட்டு பேர் உட்காரலாம். முன் சீட்டு அந்த ஐயாவுக்கு, கால் நீட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். அவர் பக்கத்திலிருந்து ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் பக்கம் ஒன்பது. இன்னும் மூன்று இடம் காலியாக இருக்கிறது.